கரண்ட் வந்த பிறகு செத்த மீன்கள்: ஒரு பவளத் தொட்டியின் நாலு வருடக் கணக்கு

2023 டிசம்பர் 20, புதன்கிழமை இரவு 8.40-க்குக் கரண்ட் வந்தது. திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் தெருவே ஓவென்று கூச்சல் போட்டது. 8.55-க்கு என் தொட்டியில் இருந்த கிளீனர் இறால் இரண்டும் மல்லாந்து கிடந்தன. ஒன்பதரைக்குள் பெரிய கோமாளி மீன் போயிற்று. பத்து மணிக்குப் பாசி மேயும் பிளென்னி மீன். வெள்ளத்தில், இருட்டில், பம்ப் ஓடாமல் 70 மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சுவிட்சைப் போட்ட ஒன்றரை மணி நேரத்தில் செத்துப்போயின.

அதற்கப்புறம் பழைய நோட்டுகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். எதையும் அளந்து தேதி போட்டு எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் ஞாபகத்தை மட்டும் நம்பி இதை எழுத வேண்டியிருக்கவில்லை. நாலு வருடத்தில் இந்தத் தொட்டியில் நடந்த பெரிய சாவுகளை எண்ணிப் பார்த்தால், விபத்து கொன்றதைவிட, விபத்துக்குப் பின்னால் நான் பதறிப்போய்ச் செய்த வைத்தியம் கொன்றதுதான் அதிகம்.

தொட்டியும் தண்ணீரும்

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 12 மி.மீ. கண்ணாடி. விளிம்பு வரை நிரப்பினால் 255 லிட்டர். ஸ்டாண்டுக்குள் 70 லிட்டர் சம்ப். நம் வீடுகளில் சம்ப் என்றால் வாசலில் தோண்டிய தண்ணீர்த் தொட்டி. இங்கே அது அடியில் வைக்கும் வடிகட்டித் தொட்டி. மேல் தொட்டியிலிருந்து வழிந்து இறங்கும் தண்ணீரை அங்கே ஸ்கிம்மர் நுரைக்க நுரைக்கக் கடைந்து அழுக்கை எடுக்கும், பிறகு பம்ப் மேலே ஏற்றும். 2021 ஆகஸ்டில் சிந்துபூந்துறை வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் தண்ணீர் விட்டேன்.

தூத்துக்குடி ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது பவளத்தையும் பாறையையும் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்காத ஆள் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா அமைத்தார்கள். பூங்காவுக்குள் என்றில்லை, எங்கே எடுத்தாலும் குற்றம்தான். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் எல்லாமே உண்டு. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டையும் உண்டு. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டை ஷோகேஸில் வைத்திருப்பதும் இதில் சேரும் என்று பலருக்குத் தெரியாது. ஆகவே என் தொட்டியில் கல் பவளமே கிடையாது. காளான் பவளம், ஜோவாந்தஸ், ஜெனியா, லெதர் என்று மென்மையான வகைகள்தான், அதுவும் தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுத்த துண்டுகள். கோமாளி மீன் ஜோடியும் பண்ணையில் பொரித்த குஞ்சுகள்.

பாறை? வெள்ளைச் சிமென்டும் இடித்த கிளிஞ்சலும் கலந்து நானே செய்தேன். புதுச் சிமென்ட் தண்ணீரைக் காரமாக்கிவிடும் என்பதால் டிரம்மில் ஊறப்போட்டு, மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றி, ஏழு வாரம் காத்திருந்தேன். அது போதாமல் காருகுறிச்சி மண்சட்டிகளை வாங்கி உடைத்துக் குகை மாதிரி அடுக்கினேன். மெருகு பூசாத சுட்ட மண் கடல்நீரில் கெடுதல் செய்யாது. முழுச் சட்டியை வாங்கி வாசலில் வைத்து உடைப்பவனை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை.

எதிர்வீட்டு ஆச்சிக்கு உப்புதான் தீராத சந்தேகம். “தூத்துக்குடி உப்பு மூடை மூடையாக் கெடக்கு. அதக் கரைச்சு ஊத்தாம, என்னத்துக்கு இம்புட்டு ரூவா குடுத்து வாளி உப்பு வாங்குத?” நியாயமான கேள்வி. உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாகச் சுண்ட வைக்கும்போது, கால்சியத்தில் பெரும்பங்கு முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். அப்புறம்தான் உப்பு பூக்கும். மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு வெளியே போய்விடும். கைக்கு வருவது அநேகமாக வெறும் சோடியம் குளோரைடு. ஒரு லிட்டர் கடல்நீரில் இருக்கும் 35 கிராம் உப்புகளில் மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். அந்தக் கொஞ்சம் இல்லையென்றால் தொட்டியில் பல உயிர்களுக்கு ஓடு கட்டாது. ஆச்சிக்கு இதை விளக்கினேன். “கசப்பத் தூரக் கொட்டிட்டு, அதையே ரூவா குடுத்து வாங்குதியாக்கும்” என்றாள். அதேதான்.

நல்ல தண்ணீருக்கும் இதே கதை. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், தொட்டிக்கு அப்படியே ஆகாது. குளோரின் இருக்கும், பாஸ்பேட் இருக்கும், குழாயிலும் மோட்டாரிலும் உள்ள பித்தளையிலிருந்து செம்பு கரைந்து வரலாம். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்தாகும் அதே செம்பு, இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். பெயரிலேயே தாமிரத்தை வைத்திருக்கும் ஆற்றின் கரையில் உட்கார்ந்துகொண்டு, தாமிரத்துக்குப் பயந்து வருடம் முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் பிடித்தேன்.

முதல் ஆறு வாரம் மீனே இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் பிடிக்கும் வரை வெறும் தண்ணீரை வேடிக்கை பார்த்தோம். முதல் ஒன்பது மாதத்தில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

2022 மே: ஐஸ் பாட்டில்

கத்திரி வெயில். சங்கரன்கோவிலில் கல்யாணம், காலையில் கிளம்பிவிட்டோம். வோல்டேஜ் இறங்கி ஸ்டெபிலைசர், தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரை நிறுத்திவிட்டது, அது திரும்ப ஓடவில்லை. மாலை ஆறரைக்கு வந்து பார்த்தால் தண்ணீர் 32.9 டிகிரி. என் வழக்கம் 26.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்துக் கொடுப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. சூடு ஏறினால் அந்த உறவு முறிந்து பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் நடந்தது அதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும், அதனால்தான் பதறினேன். ஃப்ரீசரில் இருந்த 2 லிட்டர் ஐஸ் பாட்டில்கள் நாலையும் போட்டேன். பக்கத்துக் கடையில் ஐஸ் கட்டி வாங்கிவந்து கவரில் கட்டி மிதக்கவிட்டேன். ஏ.சி.யை முழுசாக வைத்தேன். நோட்டில் பெருமையாக எழுதியிருக்கிறேன்: “7.55: 26.2. காப்பாற்றியாச்சு.”

மறுநாள் லெதர் பவளம் கைக்குட்டையைக் கசக்கிப் போட்ட மாதிரி சுருங்கிக் கிடந்தது. கடல் சாமந்தி (சீ அனிமோன்) பாறையை விட்டுக் கழன்று, வாய் பிளந்து உருண்டது. மூன்றாம் நாள் இரண்டையும் அள்ளிப் போட்டோம்.

சூடுதான் கொன்றது, ஐஸ் பாட்டில் என்ன செய்யும் என்று நானே என்னோடு வழக்காடியிருக்கிறேன். அதற்குப் பதில் இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது. 2024 ஏப்ரலில், புது வீட்டில், சில்லர் மறுபடி நின்று தண்ணீர் 32.4 வரை போயிற்று. இந்தத் தடவை தண்ணீர்ப் பரப்பின் மேல் விசிறியைத் திருப்பிவிட்டு, தொட்டிக்குள் தண்ணீரை அசைக்கும் அலை பம்பை மேலே பார்த்து வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் இறக்கினேன். 26-க்கு வர மறுநாள் காலை ஆயிற்று. அதே லெதர் இனம், கிட்டத்தட்ட அதே சூடு. இரண்டு நாள் முகம் சுளித்தது, மூன்றாம் நாள் விரிந்தது. ஒரே ஒரு ஜோடி நிகழ்வை வைத்து நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இது போதும்.

விசிறி பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் கோடைக் காற்று வறண்டது, அதனால் விசிறி போட்டாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். விலை, தினமும் 5, 6 லிட்டர் தண்ணீர் ஆவியாவது. உப்பு ஆவியாகாது என்பதால் ஈடு செய்ய நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். புதிதாக வைப்பவர்கள் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றியே தொட்டியை ஊறுகாய் ஜாடி ஆக்கிவிடுவார்கள்.

2023 தொடக்கம்: பழுப்புச் சளி

இதில்தான் நான் தப்பிப் பிழைத்தேன். கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, கையில் காசில்லாததால்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி சுத்தம் என்று அப்போது நினைத்திருந்தேன். சம்பில் பாசி வளர்த்து, பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள் போட்டு, மீனுக்கு இரையைக் குறைத்து, இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று வாரத்தில் மணலில் பழுப்பாகச் சளி படர்ந்தது. பகலில் அதன் நுனியில் காற்றுக் குமிழி கோத்து நிற்கும், ராத்திரி பாதி காணாமல் போகும், காலையில் மறுபடி வரும். நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

ஒரு சொட்டை ஊசி போடும் சிரிஞ்சில் உறிஞ்சி லேப்புக்குக் கொண்டுபோனேன். மைக்ராஸ்கோப்பில் ரத்த அணு பார்க்கும் அதே லென்ஸில் வைத்தால், கண்ணீர்த் துளி வடிவத்தில் நூற்றுக்கணக்கான பழுப்பு உயிர்கள், ஒவ்வொன்றும் வால்முனையை ஓரிடத்தில் கட்டிப்போட்டது போல அங்கேயே சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தன. முளையில் கட்டிய கன்றுக்குட்டி சுற்றுவது போல. கூட வேலை பார்க்கும் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது எந்த வார்டு பேஷண்ட்?” என்றான். அந்த ஆட்டம் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோவின் (டைனோஃபிளாஜெலேட் என்னும் நுண்ணுயிரின்) அடையாளம். வேறு பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் மெலிந்த தொட்டியில் காலியிடத்தைப் பிடித்துக்கொள்ளும் ரகம்.

பட்டினி போட்டு வந்த நோய்க்குச் சோறுதான் மருந்து. மீனுக்கு இரையைக் கூட்டினேன், இரும்புத் துகளை எடுத்துப் போட்டேன், நைட்ரேட்டை மெல்ல 8 பிபிஎம் வரை ஏற்றி நிறுத்தினேன். இந்த வகை ராத்திரியில் தண்ணீரில் மிதக்க வரும் என்பதால், யூ.வி. விளக்குக் குழாய் ஒன்றை இரவல் வாங்கி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பாட்டில் மருந்து வாங்கி ஒரே வீச்சில் கொன்றுவிடலாம் என்ற ஆசை இருந்தது. அந்த மாதம் மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டியிருந்தது, தொட்டி மருந்திலிருந்து தப்பியது. ஏழு வாரம் ஆயிற்று. ஒரு மீனோ பவளமோ சாகவில்லை.

வெள்ளம்

மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்த மழை அது. அன்றிரவு பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஆறு எங்கள் தெருவுக்கு வரும் என்று விடியற்காலையில்தான் புரிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் எனக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அதில் இரண்டு காரியம் உருப்படியாகச் செய்தேன்: சம்புக்குப் போகும் வால்வையும் வரும் வால்வையும் இறுக்கி மூடினேன், எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன். மூன்றாவது காரியத்தை ஒரு வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தது. முதலில் முழுகியது அதுதான்.

வீட்டுக்குள் முழங்கால் அளவு. சம்பில் ஆற்றுச் சேறு. மேல் தொட்டி மட்டும் தண்ணீருக்கு மேலே ஒரு தீவு மாதிரி நின்றது. நாங்கள் மாடியில் வீட்டுக்கார அண்ணாச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டார்ச்சோடு இறங்கி, பிளாஸ்டிக் மக்கால் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுவேன். நூறு மக். பம்ப் நின்றுவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போக மேற்பரப்பு மட்டும்தான் வழி. உப்பு நீரில் ஆக்சிஜன் நல்ல தண்ணீரைவிடக் குறைவாகத்தான் கரையும், ராத்திரியில் பவளமும் பாசியும்கூட மீனோடு சேர்ந்து மூச்சு வாங்கும். பெரிய பேட்டரி செல் போட்டு ஓட்டும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தது. திங்கள் இரவோடு செல் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை என் மச்சினன் மேலப்பாளையத்திலிருந்து செல் வாங்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தான். “அத்தான், ஊரே சோத்துக்குத் திண்டாடுது. செல்லு கேட்டதும் கடைக்காரரு என்னைய ஏற எறங்கப் பாக்காரு” என்றான். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

இரை போடவில்லை. மழையால் தண்ணீர் 26 டிகிரியிலேயே நின்றது பெரிய அதிர்ஷ்டம். இதே இது மே மாதமென்றால் முதல் ராத்திரியே முடிந்திருக்கும். இந்த 70 மணி நேரத்தின் இழப்பு: ஒரு நீல டாம்சல், ஐந்து நத்தை.

அப்புறம் கரண்ட் வந்தது.

தொட்டியின் பின்பக்கம் தண்ணீரை வடிகட்டக் கரித்துகள் போட்ட ரியாக்டர் குழாய் ஒன்று தொங்கியது, 2 லிட்டர் பிடிக்கும். சில்லர் மூன்றடி உயர ஸ்டூலில் இருந்ததால் நனையவில்லை. அதன் சுருளிலும் ஹோஸிலும் இன்னொரு 3 லிட்டர். இரண்டுமே மூடிய பாதை. வெள்ளம் தொடாததால் இரண்டையும் அப்படியே ஆன் செய்தேன். மூன்று நாளாக அந்த 5 லிட்டரும் காற்றில்லாமல் அடைந்து கிடந்ததை நான் யோசிக்கவே இல்லை. கரியிலும் குழாயிலும் ஒட்டியிருந்த பாக்டீரியா முதல் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியா தலையெடுக்கும், அது வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் உப்புத் தொட்டியில் இதற்குத் தீனிப் பஞ்சமே கிடையாது. மிகக் கொஞ்சம் கலந்தாலே மீனையும் இறாலையும் கொல்லும் விஷம்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தது, வராமலில்லை. என் மனைவி அடுக்களையிலிருந்து, “ஏங்க, சாக்கடை எங்கயும் அடைச்சிருக்கா?” என்றுகூடக் கேட்டாள். வெள்ளம் வடிந்த வீட்டில் எல்லாமேதான் நாறியது. நான் மூக்கை நம்பவில்லை. லேப்பில் வேலை பார்க்கிறவன்.

இறால் செத்ததும் அம்மோனியா என்று முடிவு கட்டினேன். கிட் 0.5 காட்டியது, சந்தேகம் உறுதியானது போல இருந்தது. உடனே தண்ணீர் மாற்ற வேண்டும் என்று 90 லிட்டருக்கு உப்பைக் கொட்டிக் கலக்கி, இருபது நிமிடத்தில் ஊற்றினேன். உப்பு முழுசாகக் கரையவில்லை, அளந்தும் பார்க்கவில்லை. மறுநாள் வாளியில் மிச்சமிருந்ததை உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 31. தொட்டி 35-இல் பழகியது. ரியாக்டரின் விஷம் இறாலையும் மீனையும் கொன்றது என்றால், ஜெனியா கொத்து முழுவதும் கஞ்சி போலக் கரைந்ததும், ஜோவாந்தஸ் பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டதும் அந்த 90 லிட்டரால்தான் என்பது என் கணிப்பு.

கரண்ட் வந்ததும் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: குழாய்களைக் கழற்றி உள்ளே இருந்ததை வாளியில் கொட்டிவிட்டு, அலை பம்பை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்க வேண்டும்.

ஆறு தாண்டி, மாடி ஏறி

சுவரெல்லாம் ஓதம் ஏறி அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. மார்கழியில் குடி போகக் கூடாது என்று அம்மா பிடிவாதம். அந்த ஒரு மாத அவகாசம் எனக்குப் பெரிய வரமாயிற்று. தை பிறந்து, ஜனவரி 28 ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. பெருமாள்புரத்தில் முதல் மாடி.

மாடி என்றதும் புது வீட்டு அண்ணாச்சிக்கு நியாயமான பயம். கணக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடி மட்டும் 60 கிலோ. தண்ணீர், பாறை, மணல், சம்ப், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 500 கிலோவுக்குக் கிட்ட. அது உட்காரும் இடமோ 6 சதுர அடிதான். வீட்டுத் தளங்களுக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற அளவில் இந்திய தரநிலை சுமை வகுத்திருக்கிறது. அறை முழுவதற்கும் பார்த்தால் என் தொட்டி அதற்குள் அடங்கும், ஆனால் நிற்கிற இடத்தில் நாலு மடங்குக்கு மேல் அழுத்தும். தெரிந்த இன்ஜினியர் ஒருவர் வரைபடம் பார்த்தார். கட்டிய கொத்தனாரே வந்து சுவரைத் தட்டிக் காட்டினார்: “இந்தா, இதுக்கடியில பீம் போவுது. இங்கன வையுங்க, நடு ஹால்ல மட்டும் வச்சிராதிய.” ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் தரை ஒரு முனையில் 4 மி.மீ. இறக்கம். ஸ்டாண்டின் காலுக்கடியில் தகடு கொடுத்துச் சரிசெய்தோம். காலித் தொட்டியிலேயே இதைச் செய்ய வேண்டும். நிரப்பிய பின் சரிசெய்ய ஜாக்கி வேண்டும், அதற்குள் கண்ணாடி மூலையில் கீறல் ஓடிவிடும்.

பால் காய்ச்சின அன்று, நம் வழக்கப்படி முதலில் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் போக வேண்டுமல்லவா. எங்கள் வீட்டில் உப்பு 200 லிட்டர் நீல டிரம்மில் கரைந்தே போயிற்று. ஒரு வாரம் அங்கேயே காற்றுக் குமிழி விட்டு, 35-க்குச் சரிபார்த்து, காத்துக்கொண்டிருந்தது.

குடிமாறின நாளின் பெரிய முடிவு, பழைய மணலைத் தூக்கிப் போட்டது. 40 கிலோ. “நல்ல மணல்லா, கழுவி வச்சுக்கிடலாமே” என்றார்கள். ஒரு கைப்பிடி அள்ளி வாளியில் போட்டுக் காட்டினேன். மேலே ஒரு விரற்கடை வெள்ளை, கீழே சாம்பல், அதற்கும் கீழே மை மாதிரி கறுப்பு, அதே அழுகிய முட்டை நாற்றம். இரண்டரை வருட எச்சமும் இரைத் துணுக்கும் அதற்குள் அடைந்து கிடந்தன. கலக்காமல் அப்படியே இருந்தால் ஒன்றும் செய்யாது, கலக்கி ஊற்றினால் டிசம்பர் 20 திரும்ப வரும்.

காலை ஐந்துக்குத் தொடங்கினோம். முதலில், மணல் கலங்குவதற்கு முன், மேல்தண்ணீரை 20 லிட்டர் கேன்கள் ஒன்பதில் உறிஞ்சி எடுத்தோம். பிறகு பவளம், மீன்காரர் கொடுத்த தெர்மோகோல் பெட்டிகளில். ஜோவாந்தஸில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கக்கூடும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டோம். பாறைகளை வைக்க அம்மா பரணிலிருந்து பெரிய பித்தளை அண்டாவை இறக்கிப் புளிபோட்டுத் துலக்கி வைத்திருந்தாள். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. “வேண்டாம்மா” என்று சொல்லி அவள் முகம் வாடினதுதான் அந்த நாளின் பெரிய சங்கடம். மீனைக் கடைசியில் பிடித்தோம். பாறை இருக்கும்போது பிடிக்கப்போனால் ஒரு மணி நேரம் துரத்த வேண்டும், பாறை போன பிறகு ஒரு நிமிடம்.

குட்டியானையில் தொட்டி, நாலு ஆள் காவல். சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறி இறங்கும்போது ஆற்றைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது.

பகல் ஒன்றரைக்கு நிரப்பி முடித்தோம். பாறையை அழகாக அடுக்க ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆடாமல் நின்றால் போதும். பழைய தண்ணீர் 180 லிட்டர், மீதி டிரம்மிலிருந்து. சூடும் உப்பும் ஒத்துவர மாலை ஐந்து ஆயிற்று, அதுவரை மீன்கள் பெட்டியிலேயே, காற்றுப் பம்போடு. மூன்று நாள் இரை இல்லை. மூன்றாம் நாள் அம்மோனியா 0.25, ஆறாம் நாள் பூஜ்யம். இழப்பு ஒரே ஒரு நத்தை. ஒரு காளான் பவளம் பாறையை விட்டுக் கழன்று மணலில் புது இடம் பிடித்துக்கொண்டது.

இரண்டாம் வாரம் கண்ணாடியெல்லாம் பழுப்பு. புது மணலில் வரும் டயாட்டம் என்ற நுண்பாசி அது, தானாகப் போகும் என்று தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. மகள் டெஸ்ட் கிட் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். புதன், ஞாயிறு மட்டும் தருவாள். ஐந்தாம் வாரம் கண்ணாடி தெளிந்தது.

இப்போது

வெள்ளத்தில் பெரிய கோமாளி மீன் செத்தது என்றேன். ஜோடியில் பெரியதுதான் பெண். அது போனால் ஆண் பெண்ணாக மாறும், இது இந்த இனத்தின் வழக்கம். தனியாக மிஞ்சியிருந்த ஆணுக்கு 2024 ஜூனில் ஒரு சின்னக் குஞ்சைத் துணைக்கு விட்டேன். முதல் வாரம் விரட்டியது. அப்புறம் சின்னது அதன் முன் உடலைப் படபடவென்று நடுக்கிப் பணிந்து காட்ட, பெரியது விட்டுக்கொடுத்தது. மெல்லப் பெருத்தது. 2025 பிப்ரவரியில், உடைத்துப் போட்ட காருகுறிச்சிச் சட்டியின் உள்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை. எட்டாம் நாள் ராத்திரி பொரிந்து, காலையில் ஒன்றும் இல்லை. குஞ்சு வளர்க்கத் தனித் தொட்டியும் மிதவை உயிர் இரையும் வேண்டும். அந்த வம்புக்கு இன்னும் போகவில்லை.

பேட்டரி இப்போது நாலடி உயரத் தட்டில் இருக்கிறது, அதில் தொட்டியின் அலை பம்ப் மட்டும் ஓடும். இன்வெர்ட்டரே 15, 20 வாட் தின்னும் என்பதால் பம்பை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டேன். சில்லருக்குப் பேட்டரி கிடையாது. சூடு ஏறினால் மெல்ல ஏறட்டும், மெல்ல இறக்கிக்கொள்ளலாம். ரியாக்டரைக் கழற்றிவிட்டேன். சில்லர் ஹோஸில் ஒரு T வடிவ இணைப்பும் வால்வும் போட்டு, அடைந்த தண்ணீரை வாளியில் இறக்க வழி செய்திருக்கிறது. சுவிட்ச்போர்டில் மகள் கையெழுத்தில் ஒரு சீட்டு: “கரண்ட் வந்தா அப்பா தொடக் கூடாது.”

போன வாரம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட் இல்லை. நான் டூட்டியில். இரண்டே காலுக்குப் போன் செய்தால், மகள் வாளியோடு நிற்கிறாள். வால்வைத் திறந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“மோந்து பாத்தியா?”

“பாத்தாச்சு. நாறலப்பா. சில்லரப் போடட்டா?”